பெரியப்பாவின் கல்சியம் மாத்திரையும் கிழிபடாத சீட்டும்

பெரியப்பாவுக்கு ஒரு காகிதத்தையும் எறிய மனம் வராது. கிளினிக் கொப்பி, இரத்தப் பரிசோதனைத் துண்டுகள், பசளை வாங்கிய பற்றுச்சீட்டுகள், மீளக்குடியேறி வந்தபோது கொடுத்த பதிவுத் துண்டு, எல்லாம் ஒரு சொப்பிங் பைக்குள் சுற்றிக் கட்டிலுக்கு மேலே வளையில் தொங்கும். 2009 இல் காணி உறுதி வைத்திருந்த பெட்டியை வழியில் விட்டுவிட்டு வந்த மனிதர் அவர். அதற்குப் பிறகு எந்தத் துண்டும் அவருக்குச் சின்னத் துண்டு இல்லை. பெரியம்மா நேரெதிர். அடுப்பு மூட்ட எந்தக் காகிதம் கையில் அகப்பட்டாலும் சரி.

போன ஞாயிறு நெடுங்கேணிக்குப் போனபோது அந்தப் பையிலிருந்து புதுத் துண்டு ஒன்றை எடுத்துத் தந்தார்.

"பிள்ளை, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு. டொக்டர் இதைப் பாத்திட்டு முகத்தைச் சுழிச்சவர்."

பராதைரொயிட் ஓமோன் 740. பக்கத்தில் அச்சிட்டிருந்த இயல்பான அளவு 15 முதல் 65 வரை. பொஸ்பேற்றும் கூட. எனக்கும் முகம் சுழித்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பாவுக்கு வயது 68. இரண்டு வருடமாக டயலிசிஸ். கிழமைக்கு இரண்டு நாள் விடியற்காலை பஸ்ஸில் புளியங்குளம் வந்து, ஏ9 வீதியால் வவுனியாவுக்குப் போய்ப் பொழுதுபட வீடு திரும்புவார். நீரிழிவு இல்லை, பிரஷர் இல்லை, ஆனால் சிறுநீரகம் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் இப்படியான ஆட்கள் நிறையப்பேர். 1990களில் மதவாச்சி, பதவியா பக்கத்துக் கமக்காரரிடம் இந்த நோய் கவனத்துக்கு வந்தது. காட்டின் இந்தப் பக்கத்தில் இருக்கிற எங்களையும் அது விடவில்லை. வழக்கமான காரணம் ஒன்றும் இல்லாமல் வருவதால் அதன் பெயரிலேயே 'காரணம் அறியப்படாத' என்று சேர்த்துத்தான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். இன்று ஊருக்கு ஊர் வடிகட்டிய தண்ணீருக்கு வரிசை நிற்கிறது. பெரியப்பா அறுபது வருடம் குடித்தது கிணற்றுத் தண்ணீர்.

சரி, அன்றைய மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறேன். சிவப்பரிசிச் சோறு, புடலங்காய்ப் பாற்கறி, ஓரத்தில் ஒரு துண்டு கருவாடு. கருவாட்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, பெரியம்மா தானாகவே "நாலு நாளைக்குப் பிறகு ஒரு துண்டு" என்றார். சாப்பிட்டு முடிகிறவரை மாத்திரை வெளியே வரவில்லை.

"பெரியப்பா, கல்சியம் மாத்திரை எங்க?"

"அது ராவைக்குத்தானே. படுக்க முதல் போடுறனான்."

எலும்புக்குத் தருகிற மாத்திரை என்று நினைத்து, எட்டு மாதமாகப் படுக்கப் போகும்போது தண்ணீரோடு விழுங்கியிருக்கிறார். உறையில் 'சாப்பாட்டுடன்' என்று எழுதியிருந்தது. ஏன் சாப்பாட்டோடு என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சனக்கூட்டத்துக்குள் சொல்ல நேரம் கிடைத்திருக்காது. எனக்கு அதில் கவலை உண்டு. காரணம் தெரிந்தால் பெரியப்பா ஒன்றையும் தவறவிடாதவர். விதை நெல்லை எத்தனை மணித்தியாலம் ஊறவைப்பது, எத்தனை மணித்தியாலம் சாக்கில் கட்டி முளைக்க வைப்பது என்பதில் ஒரு மணித்தியாலம் பிசகமாட்டார்.

அந்த மாத்திரை கல்சியம் காபனேற்று. சோற்றோடும் மீனோடும் குடலுக்குள் போனால் உணவிலிருக்கிற பொஸ்பேற்றைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியே போகும். வெறும் வயிற்றில் போட்டால் பிடிக்க அங்கே ஒன்றும் இருக்காது. இதைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்ட கேள்விதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

"அது விளங்குது. ஆனா இந்தத் துண்டில எழுதியிருக்கிறது கழுத்துக்குள்ள இருக்கிற சுரப்பியின்ர கணக்கெண்டுதானே சொன்னவை. நான் இங்க கருவாடு தின்னுறது கழுத்துக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சாலும் அது ஏன் இவ்வளவு கூடச் சுரக்குது?"

நான் பன்னிரண்டு வருடமாக உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். பராதைரொயிட் ஓமோன் இரத்தத்தில் கல்சியத்தைக் கூட்டும் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த சுரப்பிக்குப் போய்விடுவேன். ஒரு பிள்ளையாவது இப்படிக் கேட்டதில்லை.

கழுத்தில் தைரொயிட்டுக்குப் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு நாலு சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நெல்மணி அளவு, முப்பது நாற்பது மில்லிகிராம். அவற்றின் கலங்களின் மேற்பரப்பில் இரத்தத்திலுள்ள கல்சியத்தை உணர்கிற, வாங்கி எனப்படும் புரதம் ஒன்று உண்டு. 1993 இல்தான் அதன் பரம்பரையலகைப் பிரித்தெடுத்தார்கள். பொஸ்பேற்று கூடினால் அதே வாங்கியில் போய் ஒட்டி அதன் உணர்வை மழுங்கடிக்கிறது என்பது 2019 இல் தெரியவந்தது. உணர்வு மழுங்கினால், கல்சியம் குறைந்துவிட்ட மாதிரியே சுரப்பி நடந்துகொள்ளும். ஆகவே கருவாடு கழுத்துக்குத் தெரிகிற வழி இரத்தம்தான். நல்ல சிறுநீரகம் மிச்சப் பொஸ்பேற்றைச் சிறுநீரோடு விட்டுவிடும். பெரியப்பாவுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது.

இனி இரண்டாவது கேள்வி. ஏன் இவ்வளவு கூடச் சுரக்கிறது?

கல்சியம் குறைந்தால் சுரப்பி மூன்று வேகத்தில் வேலை செய்கிறது. முதல் சில செக்கனில், செய்து வைத்திருக்கிற ஓமோனை இரத்தத்தில் கொட்டுகிறது. நெல் விலை ஏறியதும் வீட்டில் இருக்கிற மூட்டையை விற்கிற மாதிரி. குறைவு மாதக்கணக்கில் நீடித்தால் கலங்கள் பெருகிச் சுரப்பியே பெருக்கிறது, புதுக்காணி வெட்டுகிற மாதிரி. இரண்டுக்கும் நடுவில், மணித்தியாலங்களிலும் நாட்களிலும் நடக்கிற மாற்றம் ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் முழு உயிரியலிலும் மிக அழகான இடங்களில் ஒன்று.

ஓமோனைச் செய்யும் கட்டளை கலத்தின் கருவுக்குள் டிஎன்ஏயில் இருக்கிறது. அது வெளியே வராது. பெரியப்பா காணி உறுதியை வெளியே எடுக்காமல் போட்டோ பிரதி கொடுத்து அலுவல் பார்க்கிற மாதிரி, கலமும் அதைப் பார்த்து ஒரு பிரதி எழுதி வெளியே அனுப்புகிறது. அந்தப் பிரதிதான் தூது ஆர்என்ஏ, நான் இனிச் சீட்டு என்று சொல்வதும் அதைத்தான். அதை வாசித்து வெளியே புரதம் செய்யப்படும். 1961 இல் சிட்னி பிரென்னர், பிரான்சுவா ஜக்கோப், மத்தியூ மெசெல்சன் மூவரும் பக்றீரியாவில் இந்தத் தூதைக் கண்டார்கள். ஜக்கோப்பும் அவரோடு வேலைசெய்த ஜாக் மொனோவும் அப்படி ஒன்று இருக்கவேண்டும் என்று முதலே கணித்தபோது அதற்குச் சொன்ன முக்கிய அடையாளம், அது கெதியில் அழிந்துபோகிற பொருளாக இருக்கவேண்டும் என்பது. கட்டளை மாறியதும் கலத்தின் வேலையும் மாறவேண்டுமே. பழைய சீட்டு கிழிந்தால்தானே அது நடக்கும்.

பக்றீரியாவில் ஒரு சீட்டின் ஆயுள் சில நிமிடம். எங்கள் கலங்களில் அது சீட்டுக்குச் சீட்டு வித்தியாசம். சில கால் மணித்தியாலத்தில் போய்விடும், குருதிச் சிவப்பைச் செய்கிற குளோபினின் சீட்டு ஒரு நாளுக்கு மேலும் நிற்கும். ஒரு சீட்டு எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்பதைக் கலம் நேரத்துக்கு நேரம் மாற்றிக்கொள்ளவும் முடியும். பெரியப்பாவுக்கு இந்த இடத்தைக் குளத்தை வைத்துத்தான் சொன்னேன்.

வீட்டிலிருந்து குளக்கட்டுக்கு ஐந்து நிமிட நடை. மார்கழியில் நிரம்பி வான் பாய்ந்த குளம், இப்போது அலைகரைப் பக்கம் வெளித்துவிட்டது. கட்டில் நின்றுகொண்டு கேட்டேன்.

"மேல மழையில்லை. வாய்க்காலில வாற தண்ணி நேற்றைக்கு எவ்வளவோ இண்டைக்கும் அவ்வளவுதான். ஆனா குளத்து மட்டம் ஏறுது. என்ன நடந்திருக்கும்?"

அவருக்கு யோசிக்கவே தேவையில்லை. "ஆரோ துருசைப் பூட்டிப்போட்டாங்கள்." குளத்துத் தண்ணீரை வெளியே விடுகிற மதகைத்தான் சொன்னார்.

அவ்வளவுதான் விசயம். கலத்துக்குள் இருக்கிற சீட்டுகளின் எண்ணிக்கை, எழுதுகிற வேகத்தில் மட்டும் தங்கியில்லை, கிழிக்கிற வேகத்திலும் தங்கியிருக்கிறது. எழுதுகிற வேகம் அப்படியே இருக்கக் கிழிப்பதைக் குறைத்தால் சீட்டு சேரும். சீட்டு சேர்ந்தால் ஓமோன் சேரும்.

பராதைரொயிட்டில் இதுதான் நடக்கிறது என்பதை ஜெருசலேமில் ஜஸ்ரின் சில்வர், தலி நவே-மெனி ஆகியோரின் ஆய்வுகூடம் எலிகளில் காட்டியது. கல்சியம் குறைந்த உணவு கொடுத்த எலிகளின் சுரப்பியில் ஓமோனின் தூது ஆர்என்ஏ பல மடங்கு. முதலில் எவருக்கும் வருகிற எண்ணம், கரு கூடுதலாக எழுதுகிறது என்பதுதான். கருக்களைத் தனியே பிரித்தெடுத்து எழுதும் வேகத்தை அளந்து பார்த்தார்கள். சாதாரண எலிக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. வாய்க்காலில் தண்ணீர் அதே அளவு. பிறகு சுரப்பிக் கலங்களின் சாற்றை எடுத்து, குழாய்க்குள் இந்தச் சீட்டைப் போட்டு எவ்வளவு நேரத்தில் கிழிகிறது என்று பார்த்தார்கள். கல்சியம் குறைந்த எலியின் சாற்றில் சீட்டு நீண்ட நேரம் நின்றது. பொஸ்பேற்றுக் குறைந்த உணவு தின்ற எலியின் சாற்றிலோ சீக்கிரமே கிழிந்துபோனது. ஒரே சீட்டு, இரண்டு சாறு.

இதை முதன்முதல் வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. விற்றமின் டீ இந்த ஓமோனைக் குறைப்பது வேறு வழியால், அது கருவுக்குள் போய் எழுதுவதையே குறைக்கிறது. கல்சியமும் பொஸ்பேற்றும் கிழிக்கிற இடத்தில் கை வைக்கின்றன. ஒரே குளத்துக்கு வாய்க்காலில் ஒருவர், துருசில் இருவர்.

கிழிப்பது எப்படி என்பதையும் கொஞ்சம் சொல்லவேண்டும். தூது ஆர்என்ஏயின் தலையில் ஒரு தொப்பி இருக்கும். பின்னால் அடினின் என்ற ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதிய நீண்ட வால், எங்கள் கலங்களில் புதிதாக வரும்போது 200 எழுத்துக்கு மேல். வழக்கமாக முதலில் வால் தேயும். வால் குட்டையானதும் தொப்பி கழலும். பிறகு தலைப்பக்கமிருந்து ஒரு நொதியம் தின்னத் தொடங்கும், வால்பக்கமிருந்து எக்சோசோம் என்கிற பீப்பா மாதிரியான புரதக்கூட்டம் தின்னும். மண்புழுவும் கறையானும் விழுந்த மரத்தைப் பங்குபோடுவதுபோல. இதில் வீண் ஒன்றுமில்லை, உடைந்த எழுத்துகளைக் கலம் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

வாலுக்குச் சற்று முன்னால், புரதம் செய்வதற்கான கட்டளை முடிந்த பிறகு, ஒரு பகுதி இருக்கிறது. அங்கே இருக்கிற எழுத்து ஒன்றும் புரதமாக மாறாது. பாடப்புத்தகப் படத்தில் அதை ஒரு வெறும் கோடாகப் போட்டிருப்பார்கள். நானும் அப்படித்தான் பலகையில் கீறிவந்தேன். அந்த வெறும் கோட்டில்தான் சீட்டின் ஆயுள் எழுதப்பட்டிருக்கிறது. பராதைரொயிட் ஓமோனின் சீட்டில் அங்கே அடினினும் யுராசிலும் நிறைந்த ஒரு துண்டு உண்டு. அதன்மேல் இரண்டு வகைப் புரதம் வந்து இருக்கப் போட்டி போடும். ஒன்று ஏயூஎஃப்1. அது இருந்தால் சீட்டுக்குக் காவல். மற்றது கேஎஸ்ஆர்பி. அது வந்து உட்கார்ந்தால் எக்சோசோமைக் கூப்பிட்டுவிடும். கல்சியம் குறையும்போது காவல்காரர் இறுகப் பிடிக்கிறார், கேஎஸ்ஆர்பி விலகுகிறது. பொஸ்பேற்றுக் குறையும்போது மறுவளம்.

சிறுநீரகம் பழுதான எலிகளில் இந்தப் போட்டி ஒருபக்கம் சாய்ந்து கிடக்கிறது. கேஎஸ்ஆர்பியை வேலைக்குத் தயார்படுத்துகிற பின்1 என்ற நொதியம் ஒன்று உண்டு. அந்த எலிகளின் சுரப்பியில் அதன் வேலை குறைந்துவிட்டது. கேஎஸ்ஆர்பி அங்கேயே இருக்கிறது, ஆனால் சீட்டில் போய் உட்காரவில்லை. கிழிக்க ஆளில்லாமல் சீட்டு குவிகிறது. 2009 இல் வந்த முடிவு இது. அந்த வருடம் நாங்கள் எங்கே இருந்தோம் என்று எனக்குத் தெரியும். அதே வருடம் உலகின் இன்னொரு மூலையில் யாரோ எலியின் கழுத்தைத் திறந்து, பெரியப்பாவுக்கு ஒருநாள் தேவைப்படப்போகிற பதிலைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது.

"அப்ப நான் துண்டுகளைச் சேர்த்து வைக்கிற மாதிரி இதுவும் சேர்த்து வைக்குது" என்றார் பெரியப்பா.

"ஓம். ஆனா நீங்கள் வைக்கிறது பையிக்குள்ள சும்மா இருக்கும். அது வைக்கிற ஒவ்வொரு துண்டையும் நாள் முழுக்க ஆக்கள் வாசிச்சு வாசிச்சு வேலை செய்துகொண்டிருப்பினம்."

அந்த வேலைக்கு எலும்புதான் விலை. ஓமோன் கூடினால் எலும்பிலிருந்து கல்சியம் கரைந்து இரத்தத்துக்கு வரும். பெரியப்பாவின் முழங்கால் நோவும் இரவில் கால் எலும்புக் குத்தும் அந்தக் கணக்கில் சேர்ந்தவையாக இருக்கலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். மாத்திரையைச் சோற்றோடு போட்டால், பொஸ்பேற்று இறங்கும், துருசு கொஞ்சம் திறக்கும். சுரப்பி ஏற்கெனவே பெருத்துவிட்டிருந்தால் அது மட்டும் போதாது, வேறு மருந்து உண்டு, சத்திரசிகிச்சையும் உண்டு. எந்த நோயாளிக்கு எது என்பதை அவரவர் வைத்தியர்தான் சொல்லவேண்டும். நான் மாத்திரை அளவைப் பற்றிப் பெரியப்பாவிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை, உறையில் எழுதியதை வாசித்துக் காட்டினேன், அவ்வளவுதான்.

சத்திரசிகிச்சை என்றதும் அவர் பயந்தார், அதனால் அதில் ஒரு நல்ல விசயத்தைச் சொன்னேன். இந்த ஓமோன் இரத்தத்துக்குள் வந்த பிறகு ஏறக்குறைய நாலு நிமிடத்தில் பாதியாகிவிடும். அதனால் பெருத்த சுரப்பியை வெட்டி எடுத்துப் பத்து நிமிடத்தில் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அளவு பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் சரியான சுரப்பியைத்தான் எடுத்திருக்கிறோம் என்று அங்கேயே தெரியும். ஓமோனுக்கு ஆயுள் நிமிடக் கணக்கு, அதன் சீட்டுக்கு மணித்தியாலக் கணக்கு, சுரப்பிக்கு வருடக் கணக்கு. ஆயுள் குறைந்தவைதான் மாற்றத்துக்கு முதலில் அசையும். சின்னக் குளம் ஒரு மழைக்கே வான் பாயும், பத்து நாள் வெயிலில் வற்றும். இரணைமடு மாதிரிப் பெரிய குளம் அப்படி இல்லை.

அதற்குள் பெரியம்மா தேத்தண்ணீரோடு குளக்கட்டுக்கே வந்துவிட்டார். அவருக்கு இருப்பது சீனி வருத்தம். "உங்கட பெரியப்பாவுக்கு மட்டும்தான் சீட்டோ? எனக்கில்லையோ?" என்று கேட்டார்.

உண்டு. சதையியில் இன்சுலினின் சீட்டும் இப்படித்தான். 1985 இல் செய்த ஒரு ஆய்வில், குளுக்கோசு குறைந்த திரவத்தில் வளர்த்த கலங்களில் இன்சுலின் சீட்டின் பாதி அழிய சுமார் 29 மணித்தியாலம் எடுத்தது. குளுக்கோசு கூடிய திரவத்தில் 77 மணித்தியாலம். இனிப்புச் சாப்பிட்டவுடன் வெளியே வருவது கையிருப்பு இன்சுலின். நாலு நாள் தொடர்ந்து கூடச் சாப்பிட்டால் சீட்டுகளும் கூட நாள் தங்கி உற்பத்தியைத் தாங்கிப்பிடிக்கும். பெரியம்மாவுக்கு இதைச் சொன்னதும் கையிலிருந்த சர்க்கரைத் துண்டைப் பார்த்தார், பிறகு எனக்கே தந்துவிட்டார்.

தாகத்துக்கும் ஒன்று இருக்கிறது. உடம்பில் தண்ணீரைப் பிடித்துவைக்கச் சொல்கிற வாசோபிரசின் என்ற ஓமோன் மூளையில் செய்யப்படுகிறது. உப்புத்தண்ணீர் மட்டும் கொடுத்த எலிகளில் அதன் சீட்டு கூடியது மட்டுமில்லை, அந்தச் சீட்டின் வாலே நீண்டுபோனதை 1980களின் கடைசியில் கண்டார்கள். சித்திரை வெயிலில் வயலில் நிற்கிற ஒருவரின் தலைக்குள்ளும் இப்படி ஒரு வால் வளர்ந்துகொண்டிருக்குமோ என்று நினைக்க எனக்கு ஆசையாக இருக்கும். எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே சொல்ல முடியாது என்பதால் வகுப்பில் அதைச் சொல்வதில்லை.

ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது பால்.

பெரியப்பா வீட்டுப் பசு கன்று போட்டு மூன்று மாதம். வன்னி மாடு, ஒரு நேரத்துக்கு இரண்டு போத்தல் தந்தாலே பெரிய விசயம். பாலில் இருக்கிற முக்கிய புரதம் கேசின். மடியில் கேசினைச் செய்யச் சொல்வது மூளையடியிலிருந்து வருகிற புரோலக்டின் என்ற ஓமோன். 1979 இல் ரோசனும் அவரோடு வேலைசெய்தவர்களும் எலியின் பாற்சுரப்பித் துண்டுகளை வளர்ப்புத் திரவத்தில் வைத்து, புரோலக்டின் இருக்கும்போதும் இல்லாதபோதும் கேசினின் சீட்டு எவ்வளவு காலம் நிற்கிறது என்று அளந்தார்கள். இல்லாதபோது அரைவாழ்வு, அதாவது பாதி அழிய எடுக்கிற நேரம், 5 மணித்தியாலம். இருக்கும்போது 92. எழுதும் வேகமும் கூடியது, ஆனால் இரண்டு முதல் நாலு மடங்குதான். சீட்டு தங்கும் காலமோ 17 முதல் 25 மடங்கு. அந்தத் துண்டுகளில் கேசினின் சீட்டு சேர்ந்ததில் பெரும்பங்கு எழுதியதால் வந்ததில்லை, கிழிக்காமல் விட்டதால் வந்தது.

இங்கே புரோலக்டின் தன்னுடைய சீட்டைக் காப்பதில்லை, இன்னொரு கலத்துக்குள் இருக்கிற வேறொரு புரதத்தின் சீட்டைக் காக்கிறது. முட்டையிலும் அப்படித்தான். மஞ்சள் கருவுக்கான விற்றலோஜெனின் என்ற புரதம் ஈரலில் செய்யப்படுகிறது, கட்டளை ஈஸ்திரஜன் என்ற பெண் ஓமோனுடையது. ஆபிரிக்கத் தவளை ஒன்றின் ஈரலில் ஈஸ்திரஜன் இல்லாதபோது அந்தச் சீட்டின் அரைவாழ்வு 16 மணித்தியாலம், இருக்கும்போது ஏறக்குறைய 500 மணித்தியாலம் என்று 1983 இல் கண்டார்கள். மூன்று கிழமை! ஒரு சீட்டு, மூன்று கிழமை. அடைகாக்கிற கோழி எழும்புகிற காலம்.

வகுப்பில் இதைப் பற்றி ஒரு வரியும் நான் சொல்லாமல் விட்டதற்கு வருந்துகிறேன். பிரதிசெய்தல் ஒரு பாடம், மொழிபெயர்ப்பு ஒரு பாடம், பிறகு 'தூது ஆர்என்ஏ அழிக்கப்படும்' என்று ஒரு வசனம். அழிவு என்றால் பிள்ளைகள் குப்பை என்று நினைக்கிறார்கள். பரம்பரையலகைத் திறப்பதும் பூட்டுவதும்தான் முழுக் கட்டுப்பாடு என்று எழுதிப் புள்ளியும் வாங்கிவிடுகிறார்கள். அடுத்த தவணையில் குளத்தைப் பலகையில் கீறப்போகிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு வாய்க்காலும் துருசும் வானும் சொல்லித்தரத் தேவையில்லை. வாய்க்காலை மறித்துவிட்டுக் குளம் எந்த வேகத்தில் வற்றுகிறது என்று பார்த்தால் துருசு எவ்வளவு திறந்திருக்கிறது என்று கணக்கிடலாம் அல்லவா? ஆய்வுகூடத்தில் அக்ரினோமைசின் டீ என்ற மருந்தைப் போட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு, மிச்சச் சீட்டு குறைகிற வேகத்தைப் பார்ப்பதும் அதே கணக்குத்தான். உயர்தரப் பிள்ளைக்கு அது ஒரு வரைபு, ஒரு சாய்வு.

கொரோனா ஊசியையும் சொல்லலாம். மூன்றாவது ஊசியாக எங்கள் ஊரில் பலருக்கும் ஏற்றியது பைசர், அதற்குள் இருந்தது ஒரு தூது ஆர்என்ஏதான். அதைக் கொண்டுவர அவ்வளவு குளிர் வேண்டியிருந்தது இந்தச் சீட்டு இலகுவில் உடைவதால். தொப்பி, நூறு அடினின் அளவு வால், முன்னும் பின்னும் தேர்ந்தெடுத்த வெறும் கோடுகள், எல்லாம் வைத்துத்தான் அதைக் கட்டியிருந்தார்கள். இப்படியான ஊசிக்கு வழிசெய்த கரிக்கோவுக்கும் வைஸ்மனுக்கும் 2023 இல் நோபல் பரிசு கிடைத்தபோது பெரியப்பா செய்தியில் பார்த்திருக்கிறார். "அந்த மனுசியின்ர சீட்டும் இதுதானோ" என்று கேட்டார். இதுதான்.

திரும்பி வரும்போது பொழுது மங்கிவிட்டது. பெரியம்மா கல்சியம் மாத்திரைப் போத்தலை மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்து, குசினியில் உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். இராச் சாப்பாட்டுக்குப் பெரியப்பா முதல் வாய்ச் சோற்றோடு மாத்திரையைக் கடித்தார். சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது என்றார். அடுத்த இரத்தப் பரிசோதனை மூன்று மாதத்தில்.

வெளிக்கிடும்போது அந்த 740 துண்டைக் கேட்டேன், வகுப்பில் பிள்ளைகளுக்குப் பெயரை மறைத்துக் காட்டுவதற்கு. போனில் படம் எடுத்திருக்கலாம்தான், ஆனால் கையில் ஒரு துண்டு இருந்தால் பிள்ளைகள் வேறு மாதிரிப் பார்ப்பார்கள். பெரியப்பா பையை இறக்கி, துண்டை எடுத்து, இன்னொரு முறை தானும் பார்த்துவிட்டுத் தந்தார்.

"வாற ஞாயிறு கொண்டந்து தந்திடு பிள்ளை. பெரியம்மான்ர கையில குடுத்திடாத."